எலுமிச்சை முள் என்று சொன்னேன்

என் குளியலுக்குப் பதினான்கு குவளை தண்ணீர். ஒன்று கூடினால் சளி பிடிக்கும். ஒன்று குறைந்தால் நாள் முழுவதும் உடம்பு அரிப்பதுபோல் இருக்கும். அன்று காலை ஆறாவது குவளையை ஊற்றிவிட்டு இடது கைக்குச் சோப்புப் போட்டேன். முழங்கைக்குச் சற்று மேலே, உட்பக்கத்தில், சோப்பு ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. மறுபடி தேய்த்தேன். மறுபடி ஏறி இறங்கியது. சோப்பை வைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். தோலுக்கு அடியில் புளியங்கொட்டை போல ஒன்று இருந்தது. அழுத்தினால் லேசாக வலித்தது, கொஞ்சம் நழுவியது, விரலை எடுத்ததும் பழைய இடத்திற்கே வந்து உட்கார்ந்துகொண்டது. வலது கையில் அதே இடத்தைத் தடவினேன். ஒன்றும் இல்லை. திரும்ப இடது கை. இருந்தது. மிச்சம் எட்டுக் குவளையை ஊற்றிக்கொண்டேனா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போது எனக்கு அறுபத்தேழு வயது. எங்கள் ஊரான கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த காலம். மகனும் மகளும் வெளியூரில் இருந்தார்கள். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். இருபத்தொன்பது வருடம் கோமுகி அணையில் நீர்மட்டம் குறிக்கும் வேலை பார்த்தவன் நான். காலை ஆறு மணிக்கு ஒரு முறை, மாலை ஆறு மணிக்கு ஒரு முறை சுவரில் வரைந்திருக்கும் அடி அளவுக் கோட்டைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு எழுத நீர்மட்டம் இல்லையே தவிர, கை சும்மா இருக்கவில்லை. பால்காரர் வரும் நேரம், வீட்டுக்கு முன்னால் போகும் பேருந்துகள், முருங்கை மரத்தில் காய்கள் என்று எதையாவது எழுதிக்கொண்டே இருந்தேன்.

குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு, தையல் நூலை எடுத்து அந்த மேட்டின் குறுக்கே வைத்து முடிச்சுப் போட்டேன். ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். பதினேழு மில்லிமீட்டர். நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டு, ‘காலை 7.10 – 17’ என்று எழுதினேன். நாடியை எண்ணினேன். நூற்றுநான்கு.

என் அண்ணனுக்குக் கழுத்தில் இப்படித்தான் வந்தது. அதுவும் முதலில் புளியங்கொட்டை அளவுதான். ‘கட்டிதானே, பழுத்து ஒடஞ்சா பூடும்’ என்று மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் போட்டுக்கொண்டு பதினொரு மாதம் இருந்தார். பன்னிரண்டாம் மாதம் அவர் இல்லை. அவருக்கு அப்போது அறுபத்தெட்டு. எனக்கு ஒரு வயது பாக்கி இருந்தது.

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து முறை அளந்தேன். பதினேழு, பதினேழு, பதினாறு, பதினேழு, பதினெட்டு. பதினெட்டு வந்த அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. நூல் நனைந்து நீண்டிருக்கும் என்று வேறு நூல் எடுத்தேன். அதுவும் பதினெட்டு.

என் மனைவி இதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அவளுக்கு வேறு துக்கம் இருந்தது. அவள் வளர்த்த பூனையைப் பதினாறு நாளாகக் காணவில்லை. சாம்பல் நிறம், வாலில் ஏழு வளையம். காலையும் மாலையும் ஒரு மூடியில் பாலை ஊற்றிக் கொல்லைப்படியில் வைத்துவிட்டு, “அம்மாடி… வாடி… எங்கடி பூட்டே?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. இருபத்திரண்டு வீட்டிலும் கேட்டாயிற்று. “காணாப் பூட்டாக்கா, காணாப் பூட்டா” என்று அவள் சொல்லும்போது எனக்கு வாயில் இருக்கும் வெற்றிலை கசக்கும்.

ஏனென்றால், அந்தப் பூனையைக் கொண்டுபோய் விட்டவன் நான்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. அணையில் எழுதிய நோட்டுகளின் நகலை ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தேன். மொத்தம் ஐம்பத்தெட்டு நோட்டு. மூடியைத் திறந்துவைத்து வெயில் காட்டிய ஒரு நாள், அந்தப் பூனை உள்ளே இறங்கி ஒன்பது நோட்டை நனைத்துவிட்டது. நாலரை வருடத் தண்ணீர் ஒரே நாற்றமாகப் போயிற்று. மனைவி கோயிலுக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை காலையில் அதைப் பிடித்துக் கோணியில் போட்டேன். பூனையை விடுகிறவர்கள் கோணியில் கட்டி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு எடுத்துப் போவார்கள். திசை மறந்துவிடும் என்பார்கள். எனக்கு மூன்று சுற்றில் நம்பிக்கை வரவில்லை. வெள்ளிமலைப் பேருந்தில் ஏற்றினால் மலைப்பாதையே சுற்றிக் கொடுத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கண்டக்டர், “கோணில இன்னா பெரியவரே?” என்று கேட்டார். “சேவல்” என்றேன். அந்த நேரம் பார்த்துக் கோணி ‘மியாவ்’ என்றது. அவர் ஒரு முறை கோணியையும் ஒரு முறை என்னையும் பார்த்துவிட்டு நகர்ந்தார். ஏழாவது வளைவு தாண்டி ஒரு டீக்கடை முன்னால் இறங்கி முடிச்சை அவிழ்த்தேன். வெளியே பாய்ந்த வேகத்தில் என் இடது மணிக்கட்டில் மூன்று கோடு போட்டுவிட்டு அது புதருக்குள் ஓடியது.

மாலையில் மனைவி பார்த்துவிட்டுக் கேட்டாள். “எலுமிச்சை முள் கிழித்துவிட்டது” என்று சொன்னேன். கொல்லையில் எலுமிச்சை மரம் இருக்கிறது. அவளே மஞ்சள் தடவிவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலை மனைவி என் எதிரில் வந்து நின்றாள். “இன்னாங்க, நானும் பாத்துக்கினே கீறேன், எதுக்குக் கையத் தடவிக்கினே ஒக்காந்துகினு கீறீங்க?”

சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். அவள் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறியது. அவளுக்கும் என் அண்ணன் ஞாபகம் வந்திருக்கும். பால் மூடியை அப்படியே கீழே வைத்துவிட்டு, “கெளம்புங்க” என்றாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டாக்டரம்மா இருந்தார். எங்களுக்கு முப்பத்தொன்றாம் டோக்கன். நாற்காலி பன்னிரண்டு, காத்திருந்தவர்கள் இருபத்தாறு பேர். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். “இன்னும் ஒம்போது பேரு கீறாங்க, ஒக்காருங்க” என்று மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே போனதும் முதலில் நோட்டை நீட்டினேன். டாக்டரம்மா ஒரு பக்கம் முழுவதும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னா ஐயா இது? அணைக்குத் தண்ணி எழுதுற மாதிரி எழுதி வச்சிருக்கீங்க?”

“அணைக்கு எழுதினவன்தாங்க.”

அவர் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தார். முழங்கை, அக்குள், கழுத்தின் இரண்டு பக்கம், அடிவயிறு என்று எல்லா இடத்திலும் அழுத்திப் பார்த்தார். காய்ச்சல் வந்ததா, எடை குறைந்ததா, ராத்திரி வேர்க்கிறதா என்று கேட்டார். நான் என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

“கட்டி கட்டின்னு சொல்லிப் பயந்துக்காதீங்க ஐயா” என்றார். “இதப் பாத்தா நெறி கட்டியிருக்க மாதிரி இருக்கு. கால்ல முள்ளு குத்துனா தொடையில நெறி கட்டுமில்ல? அந்த மாதிரி. கையில எங்கனா புண்ணு, வெட்டு, கடி ஏதாவது உண்டா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள். “எலுமிச்ச முள்ளு கிழிச்சுதுங்க. தோ, இங்க.”

மணிக்கட்டில் மூன்று கோடும் காய்ந்து பழுப்பாக இருந்தன. டாக்டரம்மா கையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“முள்ளு இப்படிச் சமமா மூணு கோடு போடுமா?”

“மரத்துல முள்ளு ஜாஸ்திங்க” என்றேன்.

“வீட்டுல பூனை இருக்கா?”

மனைவியின் கண் கலங்கிவிட்டது. “இருந்தாங்க. காணாப் பூட்டா. இருவது நாளாச்சு.”

“அது இவர பிராண்டுச்சா?”

“அவளா? அவ யாரையும் பிராண்ட மாட்டாங்க. தங்கம்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “ஐயா, நீங்க சொல்லுங்க.”

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மூன்று இறக்கை. ஒரு இறக்கையின் ஓரம் வளைந்திருந்தது. “இல்லீங்க. முள்ளுதான்” என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். “பூனை பிராண்டியிருந்தா இந்த இடத்துல நெறி கட்டும். மாத்திரை குடுத்துப் பாக்கலாம்னு இருந்தேன். அதுவும் இல்லேன்னா, காரணம் தெரியாத நெறிய இந்த வயசுல சும்மா வுட்டு வைக்கக் கூடாது. சேலத்துக்கு எழுதித் தரேன். ஊசி போட்டு எடுத்துப் பாப்பாங்க. தேவப்பட்டா அந்த நெறியையே வெட்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. தள்ளிப் போடாதீங்க.”

கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடத்தில் தெருவில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. “சேலத்துல உங்க மச்சினன் வூடு கீது, தங்கிக்கலாம். ஒண்ணும் ஆவாது” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. என் தலைக்குள் ஒரே ஒரு சொல் முட்டிக்கொண்டிருந்தது. பூனை! பூனை பிராண்டினால் இந்த இடத்தில் நெறி கட்டும்! அப்படியானால் இது என் அண்ணனுக்கு வந்தது இல்லை! வெறும் பூனை!

குதிக்க வேண்டும்போல இருந்தது. குதிக்கவும் முடியவில்லை. சொன்னால் மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் சேலத்தில் கையை வெட்டித் திறந்து, இல்லாத காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அடி எண்ணிக்கொண்டே நடந்தேன். நாற்பத்தொன்றாவது அடியில் நின்றுவிட்டேன்.

“குடைய உள்ள வச்சிட்டு வந்துட்டன். நீ இங்கியே நில்லு, தோ வந்துடறன்.”

ஓடினேன். அறுபத்தேழு வயதில், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காய்கறி வண்டிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஓடினேன். முப்பத்திரண்டாம் டோக்கன் அம்மாள் உள்ளே உட்கார்ந்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன்.

“டாக்டரம்மா, பூனதாங்க!”

“எது பூனை?”

“முள்ளு இல்லீங்க, பூனதான்! நானே கோணியில புடிச்சிப் போட்டு வெள்ளிமலை ரோட்டுல கொண்டுபோய் வுட்டுட்டன். அவுக்கும்போது பிராண்டிச்சு. மூணு கோடு! இந்தக் கைதான்! சேலம் வாணாங்க, மாத்திர குடுங்க. என் வூட்டம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது.”

டாக்டரம்மா என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டாம் டோக்கன் அம்மாள் நாக்கை உள்ளே இழுக்க மறந்து அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன்.

மனைவி வாசலில் நின்றாள். அவள் கையில் குடை.

“கொட என் கையிலதான கீதுன்னு சொல்றதுக்குப் பின்னாடியே ஓடியாந்தன்” என்றாள்.

அந்த அறையில் யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. டாக்டரம்மா குனிந்து இழுப்பறையில் எதையோ தேடுவதுபோல் செய்தார். என் மனைவி சிரிக்கவில்லை. டாக்டரம்மா நிமிர்ந்து, என்னிடமிருந்து சேலத்துக் கடிதத்தைத் திருப்பி வாங்கினார்.

“எப்ப பிராண்டுச்சு, நிஜமா சொல்லுங்க.”

“இருபது நாளைக்கு முன்னாடி. வெள்ளிக்கெழம. காலைல ஒம்போதே முக்கால்.”

“கணக்கு சரியா வருது” என்றார். “அஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதுறேன். ஒடனே கரையாது, மெதுவாதான் கொறையும். லெட்டர் இங்கியே இருக்கட்டும். மூணு வாரம் கழிச்சு வாங்க. சின்னதாகலேன்னா, பூனையா இருந்தாலும் புலியா இருந்தாலும் சேலம்தான்.”

திரும்பி வரும்போது மனைவி என் கையைப் பிடிக்கவில்லை. நான்கு அடி முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில் நின்று திரும்பினாள்.

“எந்த வளைவு?”

“ஏழாவது. டீக்கடை.”

“நாளைக்கு மொத வண்டியில ரெண்டு பேரும் போறோம். அவ உசுரோட இல்லேன்னா நீ திரும்பி வராத.”

அவள் என்னை ‘நீ’ என்று சொன்னது அது இரண்டாவது முறை. முதல் முறை எதற்கென்று இங்கே தேவையில்லை.

மறுநாள் முதல் வண்டி. கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் முழங்கையைத் தொட்டேன். ஒரு வளைவில், நேற்றைவிடச் சின்னதாக இருக்கிறது. அடுத்த வளைவில், இல்லை, பெரிதாக இருக்கிறது. மாத்திரை ஒன்றுதான் போட்டிருந்தேன். மனைவி வெளியே புதர் புதராகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டீக்கடை திறந்திருந்தது. முன்னால் கடுக்காயைக் குவித்துக் காயவைத்திருந்தார்கள். உள்ளே சாமை மூட்டைகள், பதினொன்று இருந்தன. கடைக்கார அம்மாள் மலைக்காரர், நாற்பது வயது இருக்கும். மனைவி வாலின் ஏழு வளையத்தையும் சொல்லி முடிப்பதற்குள் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நீதானா அந்தக் கோணிக்காரரு? இங்கிருந்து பாத்துக்கினுதான் இருந்தன். அவுத்து வுட்டுட்டு, கீழ எறங்கி வந்த வண்டியில ஓடிப்போய் ஏறினியே!”

மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு உடைந்த கூடை. அதில் பூனை படுத்திருந்தது. என்னைக் கண்டதும் காதை மடித்துச் சீறியது. அதன் வயிற்றில் நான்கு குட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்போதுதான் கண் திறந்திருந்தன.

மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “சென வயித்தோடவா கோணியில கட்டின?” என்றாள். பிறகு கடைக்கார அம்மாளிடம் திரும்பி, “இவருக்கு அணையில தண்ணி எத்தினி அடின்னு தெரியும், இஞ்சு இஞ்சா சொல்வாரு. வூட்ல வளர்ற பூன வயித்துல இன்னா கீதுன்னு தெரியாது” என்றாள்.

நான் பால் திருடித் தின்று கொழுத்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

கடைக்கார அம்மாள் பூனையைக் கொடுக்க மாட்டேன் என்றார். “எலி மூட்டைய ஓட்ட போட்டுக்கினே இருந்துச்சு. இது வந்த நாள்லேர்ந்து ஒரு சாமை சிந்தல.” இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். இடையில் நான் சொன்ன எதையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில், குட்டிகள் பால் மறக்கும்வரை அங்கேயே இருக்கட்டும், பிறகு தாயும் ஒரு குட்டியும் எங்களுக்கு, மூன்று குட்டி கடைக்கு என்று முடிவானது.

ஐந்து நாள் மாத்திரை முடிந்தது. பதினெட்டு அப்படியே நின்றது. அந்த வாரம் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. பத்தாம் நாள் பதினாறு. நம்பாமல் மூன்று முறை அளந்தேன். பதினைந்தாம் நாள் பதின்மூன்று. அணை நிரம்பும்போது எழுதியிருக்கிறேன், வடியும்போதும் எழுதியிருக்கிறேன். ஒரு மட்டம் இறங்குவதை இத்தனை முறை சரிபார்த்து ஒரு நாளும் எழுதியதில்லை. மூன்றாம் வாரம் டாக்டரம்மாவிடம் போனபோது பதினொன்று. அவர் அழுத்திப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், இழுப்பறையிலிருந்து சேலத்துக் கடிதத்தை எடுத்துக் கிழித்தார். எட்டுத் துண்டு.

“பூனை எப்படி இருக்கு?” என்று மனைவியிடம் கேட்டார்.

“நல்லா கீறாங்க. நாலு போட்டிருக்கா.”

ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மனைவி கருவாடு எடுத்துப் போவாள். நான் தள்ளி நின்று குட்டிகளை எண்ணுவேன். ‘நீ’ மெல்ல ‘நீங்க’ ஆயிற்று. ஆனால் அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பது மட்டும் நின்று போயிருந்தது. நோட்டில் அதை எழுதவில்லை, மனதில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது ஞாயிறு தாயையும் வளையவால் குட்டியையும் மூடி போட்ட ஒயர் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு இறங்கினோம். கூடை மனைவியின் மடியில். நான் இரண்டு கையிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்தார்.

“கூடையில இன்னாம்மா?”

“பூன.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். “யோவ் பெரியவரே, நீதான அன்னிக்குச் சேவல்னு சொன்ன? மேல ஏறும்போது சேவலு, கீழ எறங்கும்போது பூனையா? குட்டி வேற போட்டுக்கினு வருது!”

வண்டி முழுக்கச் சிரித்தது. அப்போதுதான் என் மனைவியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கூடை ஆடி உள்ளே பூனை கத்தும் அளவுக்குச் சிரித்தாள். நான் அந்த நேரத்தை விடவில்லை. துண்டை அவிழ்த்து, சட்டைக் கையை மடித்து, இடது கையை அவளிடம் நீட்டினேன். காலையில் அளக்கும்போது நூலுக்குள் எதுவும் அகப்படவில்லை. என் விரலை நான் நம்பவில்லை.

அவள் முழங்கைக்கு மேலே அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் மேலே. கீழே. பக்கத்தில். ஏழு இடத்தில் அழுத்திப் பார்த்தாள். வலது கையையும் வாங்கி அழுத்திப் பார்த்துவிட்டு, திரும்ப இடது கைக்கு வந்தாள். கண்ணில் சிரித்த தண்ணீர் இன்னும் காயவில்லை.

“காணாப் பூட்டுதுங்க” என்றாள்.